தைலமரத்தடி ஆவாரை

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் அம்சவேணி சரிவில் ஏறினாள். ஏறினாள் என்றுதான் பேர், கால் எழவில்லை. சேறு வழுக்குகிறது என்று ஓரிடத்தில் நின்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொள்கிற சாக்கில் இன்னோரிடத்தில் நின்றாள். முன்னால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன மஹ்பூபி திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

“இன்னா அம்சாக்கா, மொத நாள் மாமியார் வூட்டுக்குப் போறவ மாதிரி நடக்கற? நான் போய் பீடி சுத்த வாணாமா?”

“போடி. வர்றேன்.”

மஹ்பூபி பக்கத்து வீட்டுக்காரி. பீடி சுற்றுகிற நேரம் போக ஆடு மேய்ப்பாள். வாயை மூடமாட்டாள். அவள் கூட வந்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கும் என்றுதான் அம்சவேணி அவளோடு கிளம்பியிருந்தாள்.

சரிவு முழுக்கத் தைலமரம். நட்டு மூன்றாவது மழை. கயிறு பிடித்து வரிசையாக நட்டதால் எந்தப் பக்கம் பார்த்தாலும் நீள நீளமாகச் சந்துகள் தெரிந்தன. உள்ளே நுழைந்ததும் சளிக்குத் தேய்க்கிற தைலத்தின் வாடை. தரையில் அரிவாள்போல் வளைந்த சருகுகள் மெத்தையாகக் கிடந்தன. இத்தனை மழைக்குப் பிறகும் காலால் விலக்கிப் பார்த்தால் அடியில் மண் உதிரியாகவே இருந்தது. தண்ணீர் சருகின்மேல் வழுக்கிக்கொண்டு, மழைக்கு மட்டும் ஓடுகிற கானாற்றுக்கு ஓடிவிட்டிருந்தது.

ஆடுகள் சருகை முகர்ந்து பார்த்துவிட்டு, மோசம் போனவர்களைப் போலத் தலையைத் தூக்கிக் கத்தின.

“பாரு இந்த அநியாயத்தை. இந்த மரத்துக்குக் கீழ புல்லுகூட வெளிய தலை காட்டறதில்ல. எல்லாம் முக்காடு போட்டு கோஷாவுக்குள்ள போய்டுச்சு போல” என்றாள் மஹ்பூபி.

வேறு நாளாக இருந்தால் அம்சவேணி சிரித்திருப்பாள். அவள் குனிந்து அடிக்கட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு சாண் உயரம் விட்டு, மழைத்தண்ணீர் தங்காமல் வழியும்படி சாய்வாக வெட்டின ஆவாரங்கட்டைகள். அவள் புருஷன் ஜம்புலிங்கத்தின் வெட்டு அது. ஒரு கட்டையைச் சுற்றிச் சருகைத் துடைத்தாள். துளிர் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்த கட்டையில் பச்சையாக ஏதோ தெரிந்தது. தொட்டுப் பார்த்தாள். பாசி.

ஆவாரை துளிர்க்காவிட்டால் ஜம்புலிங்கம் தோல் ஷாப்பில் தோல் ஊறப்போடுகிற தொட்டிக்கு வேலைக்குப் போகவேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் அவளுக்கு இரண்டு வருஷமாகச் சோறு சரியாக இறங்கவில்லை.

ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் தோல் பதமாவது ஆவாரம்பட்டையில்தான். சுற்றுமலைகளில் அந்தப் பட்டையை உரித்துக் கொடுக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சரிவு. ஒரு கூட்டத்துச் சரிவில் இன்னொரு கூட்டத்துக் கத்தி விழக்கூடாது. எழுதி வைக்காத சட்டம், ஆனால் மீறினவன் வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள். இந்தச் சரிவு ஜம்புலிங்கத்தின் கூட்டத்துக்கு. ஆண்கள் வெட்டிப்போட, பெண்கள் குச்சியைக் கல்மேல் வைத்துக் கட்டையால் தட்டுவார்கள். பட்டை விட்டுக்கொண்டு வரும். உரித்துக் காயவைத்து, கட்டாகக் கட்டி வண்டியேற்றினால் ஷாப்பைப் பார்த்துக்கொள்கிற ஜியாவுல்லா பாய் இறக்கிக்கொள்வார். வெட்டின ஆவாரை அடுத்த மழைக்குத் துளிர்க்கும். மறுபடி வெட்டலாம். வெட்ட வெட்ட அடர்த்தியாகத்தான் வரும்.

ஜம்புலிங்கம் பட்டையோடு ஷாப்பு வாசல்வரைக்கும் போவான், உள்ளே போகமாட்டான். அம்சவேணியின் தம்பி கங்காதரன் உள்ளே போனவன். பச்சைத்தோலை வண்டியிலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு தொட்டிக்குக் கொண்டுபோகிற வேலை. ஒருநாள் அவன் கழுத்தில், தோல் உராய்கிற இடத்தில், ஒரு கொப்புளம் வந்தது. நடுவில் கறுத்திருந்தது. “வலிக்கவே இல்லக்கா. வலிச்சாத்தானே புண்ணு” என்று சிரித்தான். மாட்டுக்கு வருகிற அடைப்பான் மனுஷனுக்கும் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது கழுத்தும் முகமும் வீங்கி அவனுக்குக் கண் திறக்கவில்லை. கல்யாணத்துக்குப் பார்த்து வைத்திருந்த பிள்ளை. அம்சவேணிதான் அவனுக்குக் கடைசியாகத் தண்ணீர் ஊற்றினாள். அது இறங்காமல் கடைவாயில் வழிந்துவிட்டது.

அதற்கப்புறம் அவளுக்கு இரண்டே கணக்கு. சரிவில் ஆவாரை இருந்தால் ஜம்புலிங்கம் மலைமேல் இருப்பான். இல்லாவிட்டால் தொட்டியில் இருப்பான்.

ஜமீன் போனபின் சரிவு கைமாறி, மதராஸிலிருந்து ஒரு கம்பெனி அதை வாங்கியது. தைலமரம் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பட்டைக்காரர்கள் பயந்தார்கள். ஜம்புலிங்கம் மட்டும் பயப்படவில்லை. கம்பெனி சூப்பர்வைசர் ராஜகோபால், செடி கொடிகளை வேரோடு தோண்டி எறிந்துவிட்டுக் குழி போடச் சொன்னான். ஜம்புலிங்கம்தான் அவனிடம் நயமாகப் பேசினான்.

“வேரைத் தோண்டினா மண்ணு கரைஞ்சு போய்டும் சார். ஒரு சாண் விட்டு வெட்டிக் குடுத்துடறேன். வேலையும் சீக்கிரம் ஆவும்.”

ராஜகோபால் ஒத்துக்கொண்டான். அன்றைக்கு ஜம்புலிங்கம் வீட்டுக்கு வந்து தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தது அம்சவேணிக்கு நன்றாக நினைவிருந்தது. “ஏமாத்திட்டேன் அம்சா. மரம் அவனுது, வேரு நம்மளுது. ரெண்டு மழை போவட்டும், மரத்துக்கு நடுவுல நம்ம செடி திமுதிமுன்னு வரும். நெழல்ல பட்டை இன்னும் தடிப்பா இருக்கும் பாரு.”

கூட்டம் முழுக்க அதை நம்பியது. பிறந்ததிலிருந்து வெட்டிய செடி துளிர்க்காமல் அவர்கள் பார்த்ததே இல்லை. அந்த நம்பிக்கையில்தான் கம்பெனி கூலிக்கு அவர்களே குழி போட்டார்கள், அவர்களே கன்று நட்டார்கள். முதல் கோடையில் கன்றுகள் வாடியபோது பெண்கள் கானாற்றில் ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள். அம்சவேணியும் சுமந்தாள். வாடிக்கிடந்த கன்று ஒன்று தலை நிமிர்ந்ததைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டதுகூட உண்டு.

“அம்சாக்கா, நான் கானாத்துப் பக்கம் போறேன். இங்க இருந்தா இதுங்க என்னைத் தின்னுடும்” என்று மஹ்பூபி ஆடுகளைத் திருப்பினாள்.

தனியாக நின்றதும் அம்சவேணி இடுப்புக் கத்தியை இடதுகையால் எடுத்தாள். ஒரு கட்டையைச் சுற்றி மண்ணைக் கிளறி, வேரைப் பிடித்து இழுத்தாள். ஆவாரை வேரை இப்படி இழுக்க முடியாது. ஆள் தொங்கினாலும் வராது. இது கையோடு வந்தது. வளைத்தபோது சுள்ளியைப்போல் முறிந்தது. உள்ளே ஈரமில்லை, மஞ்சளில்லை, வாசனையில்லை.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த இடத்தில் என்னென்ன இருந்தது என்று மனசு கேட்காமலே எண்ணத் தொடங்கியது. மழை விட்டால் காலில் ஒட்டுகிற நாயுருவி. வண்டு மொய்க்கிற தும்பை. வழியை அடைத்துக்கொண்டு சேலையைப் பிடித்து இழுக்கிற சூரைமுள். குடிசைக்கு வேய்கிற மஞ்சம்புல். ஆவாரம்புதரை விலக்கினால் திடீரென்று காலடியிலிருந்து கௌதாரி பறந்து உயிரை வாங்கும். இப்போது காலடியிலிருந்து ஒன்றும் எழவில்லை. சருகு நொறுங்குகிற சத்தம், மேலே காற்று இலைகளை உரசுகிற சத்தம். பத்தடிக்கு ஒரு மரம் என்று நின்றும் அந்த இடம் காலியாக இருந்தது.

எழுந்து கொஞ்ச தூரம் நடந்தபோது பாறைக்குப் பக்கத்தில் ஒரு வெட்டவெளி வந்தது. கன்று பிழைக்காமல் போன இடம். அங்கே சருகு இல்லை. ஆவாரை இடுப்புயரம் நின்றது, கொத்துக் கொத்தாக மஞ்சள் பூவோடு. அடியில் தும்பை, துத்தி, புல். ஒரு பூச்சி அவள் முகத்தில் வந்து மோதியது. அவள் வெயிலில் நின்று மரநிழலைப் பார்த்தாள், மறுபடி பூவைப் பார்த்தாள்.

மரம் செத்தால் செடி வரும்.

வெட்டினால் சத்தம் கேட்கும், விழுந்த மரத்தை மறைக்க முடியாது. ஆனால் சுற்றிவரப் பட்டையை ஒரு வளையமாக எடுத்துவிட்டால் எந்த மரமும் நின்றபடியே காய்ந்துபோகும். பட்டை உரிக்கிறவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கானாற்றுப் பக்கம் சரிவு உள்வாங்குகிற மடிப்பில், கீழேயிருந்து பார்த்தால் தெரியாத ஒரு மூலை இருந்தது. அவள் அங்கே இறங்கினாள். முதல் மரத்தின்மேல் கத்தியை வைத்துக்கொண்டு கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டாள். அப்புறம் கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது கையிலிருந்து தைல வாடை போகவில்லை. புளியைப் போட்டுத் தேய்த்தாள். சாப்பிட உட்கார்ந்த ஜம்புலிங்கம், “இன்னாமே, சளி புடிச்சிக்கிச்சா?” என்றான்.

“ஆமா. மஹ்பூபி தைலம் குடுத்தா.”

“மலைக்குப் போனியே, துளிர் பாத்தியா?”

“இன்னும் ஈரம் எறங்கல மாமா. பாறைப் பக்கம் வந்திருக்குது.”

பாதி உண்மை. அவன் முகம் மலர்ந்தது. “சொன்னேன்ல? பாய் கிட்ட தை மாசம் வரைக்கும் டைம் கேட்டிருக்கேன். பட்டை வரலேன்னா பச்சைத்தோல் எறக்கற எடத்துல ஆள் கம்மி, நீ வாடான்றாரு. வந்துடும், வந்துடும்.” ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டுக்கொண்டான். அவன் தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் வந்த வாரங்கள் அவளைத் தின்றன. சுள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மடிப்புக்குப் போவாள். வளையம் எடுத்த மரங்களின் உச்சியில் இலை வெளுத்திருக்கிறதா என்று கழுத்து வலிக்கப் பார்ப்பாள். வெளுத்திருப்பதுபோல ஒருநாள் தெரியும், மறுநாள் தெரியாது. அடியில் சருகை வாரித் தள்ளி, வெட்டவெளியிலிருந்து கொண்டுவந்த ஆவாரை நெற்றுகளை உடைத்து விதை தூவினாள். கீழே சாலையில் யாராவது இருமினால்கூட உடம்பு தூக்கிப்போட்டது. ராஜகோபாலின் சைக்கிள் மணி எங்கோ கேட்டால் கத்தியை மடியில் சொருகிக்கொண்டு மரத்தோடு மரமாக நின்றாள். நின்ற இடத்தில், அந்த மரம் நிமிர்வதற்குத் தானும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கலாம் என்று ஒரு எண்ணம் வந்து போகும்.

விதைகள் முளைத்தன. கார்த்திகையில் ஒருநாள் போனபோது இரண்டு இலை விட்ட கன்றுகள் அங்கங்கே நின்றன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. விரலால் தொடாமல், மூச்சுப்படாமல் பார்த்தாள். அடுத்த முறை போனபோது அவை வெளிறி, நூல்போல் நீண்டு சாய்ந்திருந்தன. மேலே புதுச் சருகு விழுந்து கிடந்தது.

அதைவிட மோசமான ஒன்றை அப்புறம்தான் பார்த்தாள். வளையத்துக்குக் கீழே, மரத்தின் அடியில், பட்டையைப் பிளந்துகொண்டு புதுத் துளிர்கள் கிளம்பியிருந்தன. வட்ட வட்டமான, சாம்பல் பூத்த இலைகள். ஒரு மரத்தில் இல்லை, எல்லா மரத்திலும். அவள் ஒரு துளிரைக் கிள்ளினாள். பக்கத்தில் இன்னும் மூன்று மொக்கு இருந்தது. வெட்டினால் துளிர்ப்பது ஆவாரையின் குணம் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த இந்த மரத்துக்கும் அந்தக் குணம் உண்டு என்று யாருக்குத் தெரியும்? அவள் வெறி பிடித்தவள்போல எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

அந்தக் கிள்ளல்தான் காட்டிக்கொடுத்தது. வாடாத துளிர் குவியலாகக் கிடந்ததைப் பார்த்துத்தான் ராஜகோபால் மரத்தை நிமிர்ந்து பார்த்திருக்கிறான். மறுநாள் காலையில் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்தான்.

“ஜம்பு, வெளிய வா.”

ஜம்புலிங்கம் வாயில் வேப்பங்குச்சியோடு வந்தான். “இன்னா சார், காலங்காத்தால?”

“மலைக்கு வா, காட்டறேன். நீ செஞ்ச அழகை நீயே பாரு.”

அம்சவேணி அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள். அவர்கள் பின்னாலேயே போனாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

மடிப்பில் ராஜகோபால் ஒரு மரத்தைத் தட்டிக் காட்டினான். “மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு. நடுவுல பிசிறில்லாம எடுத்திருக்குது. இது சும்மா வெறவு பொறுக்கறவ கையில்ல. பட்டைக்காரன் கை. உங்க கூட்டத்துல யாரு?”

ஜம்புலிங்கம் அருகே போனான். வளையத்தை விரலால் தடவினான். வெட்டு இடதுபக்கமிருந்து வலப்பக்கம் இறங்கியிருந்தது. கூட்டத்தில் இடதுகைப் பழக்கம் ஒருத்திக்குத்தான். அவன் விரல் அங்கேயே நின்றது. திரும்பி அவளைப் பார்க்கவில்லை. பார்க்காததிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“முள்ளம்பன்னி சார்” என்றான்.

“இன்னாது?”

“முள்ளம்பன்னி. பட்டைன்னா அதுக்கு உசுரு.”

“முள்ளம்பன்னி கத்தி வெச்சிருக்குதா? போலீஸ்காரன் வந்து கேட்டா இந்தக் கதையை அவன்கிட்ட சொல்லு. ஒவ்வொருத்தன் வூட்டுக் கத்தியையும் எடுத்து வெச்சுப் பாப்பான்.”

ஜம்புலிங்கம் வாயிலிருந்த குச்சியைத் துப்பினான். குரல் இறங்கிவிட்டது. “வாணாம் சார். கூட்டத்தை விட்டுடுங்க. நான்தான்னு வெச்சுக்குங்க. மரம் சாவாது, அதோ கிள்ளின எடத்துலயே மறுபடி மொட்டு வருது பாருங்க. இனிமே என் கால் இந்தச் சரிவுல படாது.”

“கால் மட்டுமில்ல. கூட்டத்துக் கத்தி எதுவும் ஏறக்கூடாது. ஏறிச்சுன்னா அன்னைக்கே போலீசுக்கு எழுதிக் குடுத்துடுவேன்.”

“ஏறாது.”

அவன் ஒரே சொல்லில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தான். பாறைப்பக்கத்து ஆவாரையும் அதில் போயிற்று.

இருவரும் சரிவில் இறங்கினார்கள். கானாற்றைத் தாண்டினபின் அவன்தான் சொன்னான். “முள்ளம்பன்னிக்கு பீச்சாங்கை பழக்கம்னு இன்னைக்குத்தான் தெரியும் எனக்கு.”

அவள் நின்று அழுதாள். “நீ தொட்டிக்குப் போவக்கூடாதுன்னுதான் மாமா. ஒரு மூலையாவது வெய்யில் பட்டா செடி வந்துடும்னு. வேரெல்லாம் செத்துப் போச்சு. தோண்டிப் பாத்தேன். ஒன்கிட்ட சொல்லல.”

“எனக்குத் தெரியும்மே.”

“இன்னா தெரியும்?”

“புரட்டாசியிலயே தோண்டிப் பாத்தேன். சொன்னா நீ சோறு துன்ன மாட்டேன்னு சொல்லல.” அவன் சரிவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். “ஏமாத்திட்டேன்னு சிரிச்சேனே. அவன் வேரோட தோண்டச் சொன்னான். அதைத்தான் நாம கொஞ்சம் கொஞ்சமா செஞ்சிருக்கோம்.”

“வேற மலைக்குப் போயிடலாம் மாமா.”

“அடுத்தவன் சரிவுல கத்தி வெக்கச் சொல்றியா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாய்கிட்ட நான் பேசறேன். வேற ஏதாவது வேலை…”

“பேசிட்டேன். அங்க இருக்கறது அந்த எடம் ஒண்ணுதான்.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “இப்போ ஊசி வந்துடுச்சாம் அம்சா. வேலூர்ல போட்டா சரியா போய்டுதாம். கங்கா காலத்துல அது இல்ல” என்றான். அவன் அதை யாரிடமோ கேட்டு வைத்திருக்கிறான் என்பது, தனியாக எத்தனை நாள் பயந்திருக்கிறான் என்பதை அவளுக்குச் சொன்னது.

அவன் வேலைக்குப் போன முதல் நாள் அவள் ஒரு கெட்டிப் போர்வையைக் கிழித்து, கழுத்திலிருந்து தோள்வரைக்கும் வருகிற மாதிரி மடித்துத் தைத்தாள். நாடாவை அவளே முடிந்தாள். “இதைக் கழட்டாதே. வேர்த்தாலும் கழட்டாதே. சொறியாதே.”

“கல்யாண மாலையைக்கூட நீ இவ்ளோ கவனமா போடல.”

“வாயை மூடு.”

அவனோடு ஷாப்பு வாசல்வரைக்கும் போனாள். வாசலில் ஜியாவுல்லா பாய் நின்றிருந்தார். கங்காதரனைத் தூக்கிப்போனபோது கூட நடந்து வந்தவர் அவர். அவளைக் கண்டதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீ எதுக்கும்மா இங்க வந்தே?”

“சும்மாதான் பாய். கொஞ்ச நேரம் நிக்கறேன்.”

“நாத்தம் தாங்க மாட்டே. வூட்டுக்குப் போம்மா. நான் பாத்துக்கறேன்.”

“கங்காவையும் பாத்துக்கறேன்னுதான் சொன்னீங்க பாய்” என்றாள். வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. பாய் உள்ளே போய்விட்டார்.

பச்சைத்தோல் வண்டி வந்து நின்றது. ஈக்கள் ஒரு கறுப்புத் துணிபோல எழும்பி மறுபடி அமர்ந்தன. ஜம்புலிங்கம் குனிந்து முதல் தோலைப் பிடித்து இழுத்தான். கனம் தெரியாமல் இழுத்ததால் தடுமாறினான். மேலே நின்றவன் ஏதோ சொல்லிச் சிரித்தான், இவனும் சிரித்தான். தோலைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான். ஈரம் பட்டதும் போர்வைத்துணி ஒருபக்கமாக நழுவியது.

“மாமா, துணி!” என்று கத்தினாள். வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை.

அவன் நடந்துகொண்டே ஒரு கையால் துணியை மேலே இழுத்து விட்டுக்கொண்டான். இரண்டடி போவதற்குள் அது மறுபடி நழுவியது. கழுத்து வெயிலில் பளபளவென்று தெரிந்தது. அவன் தொட்டியின் பக்கம் திரும்பி மறையும்வரை அவள் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுத்த தோலுக்கு அவன் வெளியே வருவதற்காகக் காத்திருந்தாள்.